எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்கு அடங்கும்?

காய்ச்சல் இறங்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவரின் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈஸ்ட், அதாவது ஒற்றைச் செல் பூஞ்சை, வளர்ந்திருக்கிறது என்று லேபிலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விதான். என்ன ஈஸ்ட்? ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து அதற்குக் கேட்குமா?

ரிப்போர்ட்டிலும் மேலே பூஞ்சையின் பெயர், கீழே மருந்துகளின் பட்டியல் என்று தனித்தனியாகத்தான் அச்சாகியிருக்கும். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் படிக்க முடியாது. பெயர் தெரிந்தாலே சில மருந்துகளைச் சோதிக்காமலே கழித்துவிடலாம். பெயர் தெரியாவிட்டால், சோதித்துக் கிடைத்த எண்ணுக்கும் பொருள் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பெயரும் எண்ணும் எப்படிக் கிடைக்கின்றன என்பதைப் பற்றியது.

முதலில் மருந்துகள். பாக்டீரியாவை எதிர்க்க ஆன்டிபயாடிக் வகைகள் ஏராளம். பூஞ்சைக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் பூஞ்சையின் செல் பாக்டீரியாவைவிட நம் செல்லுக்கு நெருக்கமானது. அதற்கும் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு. அதைக் கொல்லும் நஞ்சு பெரும்பாலும் நம்மையும் பதம் பார்க்கும். நம்மிடம் இல்லாமல் அதனிடம் மட்டும் இருப்பவை கொஞ்சம்தான். நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் அதற்கு எர்கோஸ்டெரால் இருக்கிறது. சவ்வுக்கு வெளியே குளூக்கானால் ஆன சுவர் இருக்கிறது. ஆம்போடெரிசின் பி எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு சவ்வைக் குலைக்கிறது. ஃப்ளூகோனசோல், இட்ரகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் ஆகிய அசோல்கள் எர்கோஸ்டெரால் உருவாவதையே தடுக்கின்றன. காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின் போன்ற எக்கினோகேண்டின்கள் சுவரைக் கட்டும் நொதியை முடக்குகின்றன. ஃப்ளூசைட்டோசின் என்று இன்னொன்று உண்டு; அது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. உற்பத்தியில் கைவைக்கும், பெரும்பாலும் ஆம்போடெரிசினுடன் சேர்த்தே கொடுப்பார்கள். உடலுக்குள் பரவிய பூஞ்சை நோய்க்குக் கைவசம் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். இதில் ஒரு குடும்பம் பயனில்லாமல் போனால் மாற்று தேடுவது சிரமம்.

மாதிரி சரியில்லை என்றால் மீதி எல்லாம் வீண்

லேபில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் தவறாக எடுத்த மாதிரியைத் திருத்த முடியாது. படர்தாமரை என்றால் வட்டத்தின் நடுவில் சுரண்டிப் பயனில்லை. நடுப்பகுதி ஆறிக்கொண்டிருக்கும், பூஞ்சை பரவிக்கொண்டிருப்பது ஓரத்தில். அந்த ஓரத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, மழுங்கிய கத்தியால் செதில்களைச் சுரண்டி, மடித்த காகிதத்தில் உலர்வாக அனுப்ப வேண்டும். ஈரமான குப்பியில் அடைத்தால் பாக்டீரியா பெருகிவிடும். நகம் என்றால் நுனியை மட்டும் வெட்டி அனுப்பினால் போதாது. நகத்துக்கு அடியில் இருக்கும் பொடியும் வேண்டும். தடித்து நிறம் மாறிய நகங்களில் ஏறக்குறைய பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். சோதிக்காமல் மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது சரியல்ல என்று சொல்வது இதனால்தான்.

உள்ளுறுப்பு நோய்க்குத் திசுத்துண்டு, சீழ், ரத்தம், முதுகுத்தண்டு நீர், நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் என்று இடத்துக்குத் தக்க மாதிரி எடுப்பார்கள். பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்த மாதிரி பெரும்பாலும் போதாது. அடிக்கடி நடக்கும் ஒரு தவறு, பயாப்சித் துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுவது. ஃபார்மலினில் விழுந்த பூஞ்சை செத்துவிடும், கல்ச்சர் வளராது. துண்டை இரண்டாக்கி ஒன்றை ஃபார்மலினிலும் மற்றொன்றை உப்புநீரிலும் அனுப்ப வேண்டும். மியூகோர் வகைப் பூஞ்சை சந்தேகம் இருந்தால், 2021இல் கருப்புப் பூஞ்சை என்று செய்திகளில் அடிபட்டது அதுதான், திசுவை அரைக்கவே கூடாது. அதன் இழைகளில் குறுக்குச் சுவர் அரிது. ஓர் இடத்தில் உடைந்தாலே உள்ளிருப்பது வெளியேறி இழை செத்துவிடும். அதனால் சிறு சிறு துணுக்குகளாக நறுக்கித்தான் பூஞ்சை வளர்க்கும் ஊடகத்தில் வைப்பார்கள்.

ஒரு சொட்டு பொட்டாஷ்

கல்ச்சருக்குக் காத்திருக்கும் முன்பே நுண்ணோக்கி பேசிவிடும். செதிலையோ திசுத் துணுக்கையோ கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 முதல் 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து மூடுவார்கள். லேபில் இதற்குக் கே.ஓ.எச். மவுன்ட் என்று பெயர். காரம் மனிதத் திசுவைக் கரைத்துக் கண்ணாடி போல் ஆக்கிவிடும். பூஞ்சையின் சுவர் அதற்கு மசியாது. தோல் செதில் சில நிமிடங்களில் தெளியும், நகம் ஓர் இரவு கூட எடுத்துக்கொள்ளும். ஒளியைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தால், செல் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடும் ஒரே சீரான அகலமுள்ள இழைகள் தெரியும். செல் ஓரங்களையே ஒட்டி வளைந்து வளைந்து போகும் கோடுகள் இருந்தால் அது பூஞ்சையல்ல. காரத்தில் கொழுப்புப் படிகங்கள் சேர்ந்து காட்டும் ஏமாற்று. துணி நாரும் புதியவர்களை ஏமாற்றும். கால்கோஃப்ளூர் ஒயிட் என்ற சாயத்தைச் சேர்த்து ஃப்ளோரசென்ஸ் நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சைச் சுவர் பளிச்சென்று ஒளிரும், குழப்பம் குறையும்.

திசுவில் தெரியும் இழையின் வடிவமே சிகிச்சையைத் திருப்பக்கூடியது. ஒல்லியான, குறுக்குச் சுவர் உள்ள, கூர்கோணத்தில் கிளைவிடும் இழை என்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்றவை. ரிப்பன் போல அகன்று, குறுக்குச் சுவர் அரிதாகி, ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைவிட்டால் மியூகோர் வகை. முதலாவதற்கு முதல் மருந்தாக வரும் வோரிகோனசோல் இரண்டாவதற்கு வேலை செய்யாது; அங்கே ஆம்போடெரிசின் வேண்டும், அறுவையும் வேண்டும். மாதிரி வந்த அன்றே நுண்ணோக்கி தரும் இந்த ஒரு வரியை நான் மற்ற எந்த நவீன சோதனையைவிடவும் மேலாக மதிப்பேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கூர்கோண இழை ஆஸ்பெர்ஜில்லஸுக்கு மட்டும் சொந்தமல்ல. ஃப்யூசேரியமும் ஸ்கெடோஸ்போரியமும் திசுவில் அச்சு அசல் அப்படியே தெரியும், ஆனால் மருந்துக்கு அடங்குவதில் அவை வேறு ரகம். எனவே வடிவம் திசை காட்டுவதோடு சரி, பெயரைக் கல்ச்சர்தான் சொல்ல வேண்டும்.

முதுகுத்தண்டு நீரில் கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட்டைத் தேட இந்திய மை கலப்பார்கள். கருத்த பின்னணியில் ஈஸ்ட்டைச் சுற்றியுள்ள தடித்த உறை வெளிச்ச வளையமாகத் தெரியும். இப்போது அதைவிட நுட்பமாகக் கண்டுபிடிப்பது கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பட்டைச் சோதனை. கர்ப்பச் சோதனைப் பட்டை போலவே கோடு விழும், சுமார் 10 நிமிடம் போதும். ரத்தத்தில் கேலக்டோமன்னன், பீட்டா-டி-குளூக்கான் ஆகிய பூஞ்சைச் சுவர்ப் பொருள்களை அளக்கும் சோதனைகளும் உண்டு. கல்ச்சர் வளரும் முன் அவை துப்புக் கொடுக்கும். ஆனால் மியூகோர் வகையை இரண்டுமே காட்டாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கல்ச்சர்: வளர்ந்ததெல்லாம் நோயல்ல

பூஞ்சை வளர்க்க வழக்கமாகப் பயன்படுவது சபூரோ டெக்ஸ்ட்ரோஸ் அகார், பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ரேமோன் சபூரோவின் பெயரில் வழங்குவது. பாக்டீரியாவைத் தடுக்கக் குளோராம்ஃபெனிகால் சேர்ப்பார்கள். தோல், நக மாதிரிகளுக்குச் சைக்ளோஹெக்சிமைடும் சேர்ப்பதுண்டு. அது காற்றில் மிதந்து வரும் பூஞ்சைகளை அடக்கும். ஆனால் அதுவே கிரிப்டோகாக்கஸ், மியூகோர் போன்ற உண்மையான நோய்க்கிருமிகளையும் அடக்கிவிடும் என்பதால், அது இல்லாத ஒரு குழாயையும் கூடவே வைப்பது வழக்கம். காண்டிடா என்ற ஈஸ்ட் ஓரிரு நாளில் வளரும். மியூகோர் வகை அவ்வளவு வேகமாக வளர்ந்து பிளேட்டின் மூடியையே முட்டும். படர்தாமரைப் பூஞ்சைகள் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை ஆறு வாரம் கூட இழுக்கும். அதன் வித்துகளை மூச்சில் இழுத்தால் லேபில் வேலை செய்பவருக்கே நோய் வரும். எனவே அந்தச் சந்தேகம் இருந்தால் மருத்துவர் முன்கூட்டியே லேபுக்குச் சொல்லிவிட வேண்டும். பலர் தாமாக இந்தத் தகவலைத் தருவதில்லை, லேப்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வளர்ந்ததைக் கண்டுபிடிப்பதைவிட, வளர்ந்ததுதான் நோய்க்குக் காரணமா என்று தீர்மானிப்பது கடினம். ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து காற்றில் எப்போதும் உண்டு. பிளேட்டின் ஓரத்தில் ஒற்றைக் காலனி (ஒரே இடத்தில் திரண்ட வளர்ச்சி) என்றால் அது மூடியைத் திறந்தபோது விழுந்ததாக இருக்கலாம். மாதிரியைக் கோடிழுத்த தடத்தின் மேலேயே வளர்ந்து, மறுநாள் மாதிரியிலும் அதுவே வந்து, நுண்ணோக்கியிலும் இழை தெரிந்திருந்தால் கதை வேறு. சளியில் காண்டிடா வளர்ந்தால் பெரும்பாலும் அது வாயில் குடியிருப்பது. நிமோனியாவுக்குக் காரணம் அதுவல்ல. அதே காண்டிடா ரத்தத்தில் ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் அதை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. தலைகீழாக, ஆஸ்பெர்ஜில்லஸ் உடல் முழுவதும் பரவியிருந்தால்கூட ரத்தக் கல்ச்சரில் அநேகமாக வளராது. ரத்தக் கல்ச்சர் சுத்தம் என்றால் பூஞ்சை இல்லை என்று பொருளல்ல. ஆழ்ந்த காண்டிடா நோயிலேயே அது பாதி பேரைத் தவறவிடும்.

பெயர் வைக்கும் வேலை

ஈஸ்ட் வளர்ந்தால் பழைய எளிய சோதனை ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அரை மில்லி சீரத்தில் காலனியைத் தொட்டுக் கலந்து, 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஈஸ்ட் செல்லிலிருந்து, அடியில் இடுங்காமல் நேராக ஒரு குழல் முளைத்திருந்தால் அது காண்டிடா அல்பிகன்ஸ், அல்லது அதன் நெருங்கிய உறவான டப்ளினியென்சிஸ். நிறம் காட்டும் அகாரில் காண்டிடா இனங்களில் அல்பிகன்ஸ் பச்சையாகவும், டிராபிகாலிஸ் நீலமாகவும், குரூசி சொரசொரப்பான இளஞ்சிவப்பாகவும் வரும். ஒரே மாதிரியில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால் இதில் சட்டென்று தெரிந்துவிடும்.

பெரிய லேபுகளில் இப்போது மால்டி-டாஃப் கருவி இந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. காலனியை உலோகத் தகட்டில் தேய்த்து லேசரால் சுட்டால், புரதங்களின் எடை வரிசை ஒரு கோலமாக வரும். கருவியின் நூலகத்தில் உள்ள கோலங்களோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயர் சொல்லும். நூலகத்தில் இல்லாத பூஞ்சைக்கு அதனிடம் பதில் இருக்காது. இழைப் பூஞ்சைகளுக்குப் புரதத்தைத் தனியே பிரித்தெடுக்கும் கூடுதல் வேலையும் உண்டு. அதனால் அங்கே இன்னும் ஒட்டுநாடாவால் காலனியைத் தொட்டெடுத்து, லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற சாயத்தில் வைத்து, வித்துக் காம்பும் வித்துகளும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்கும் கண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. சிக்கல் தீராவிட்டால் மரபணு வரிசை. ஐ.டி.எஸ். என்ற பகுதியைப் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியீடாக 2012இல் முன்மொழிந்தார்கள். ஆஸ்பெர்ஜில்லஸின் நெருங்கிய இனங்களைப் பிரிக்க அதுவும் போதாது. பீட்டா-டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணு தேவைப்படும்.

தவறான பெயரால் என்ன ஆகும் என்பதற்குக் காண்டிடா ஆரிஸ் நல்ல பாடம். 2009இல் டோக்கியோவில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஈஸ்ட் இது. சர்க்கரைகளைச் சோதித்துப் பெயர் சொல்லும் பழைய கருவிகளின் பட்டியலில் இது இல்லாததால், அவை காண்டிடா ஹெமுலோனை என்றோ வேறு எதுவோ என்றோ சொல்லிவிட்டன. பெரும்பாலான ஆரிஸ் ஃப்ளூகோனசோலுக்கு அடங்காது. அதோடு படுக்கை, கருவிகள் வழியாக வார்டு முழுக்கப் பரவும். பெயர் தப்பினால் மருந்தும் தப்பும், தொற்றுக் கட்டுப்பாடும் தப்பும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலில் மிக ஆபத்தான பிரிவில் இருக்கும் நான்கில் இதுவும் ஒன்று. மற்றவை கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ், காண்டிடா அல்பிகன்ஸ்.

பெயரே சொல்லிவிடும் மருந்துத் தகவலையும் இங்கே சொல்லிவிடலாம். காண்டிடா குரூசிக்கு ஃப்ளூகோனசோல் பிறவியிலேயே கேட்காது. கிரிப்டோகாக்கஸுக்கு எக்கினோகேண்டின் பயனில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் எதற்கும் ஃப்ளூகோனசோல் உதவாது; டெரியஸ் என்ற இனத்துக்கு ஆம்போடெரிசினும் உதவாது. லோமென்டோஸ்போரா புரோலிஃபிகன்ஸுக்கு அநேகமாக எதுவும் கேட்காது. இவற்றைச் சோதித்து, ஏதோ ஒரு எண்ணைப் பார்த்து நம்பிக்கை கொள்வது ஆபத்து. இடையில் ஓர் எச்சரிக்கை: வகைப்பாட்டியலாளர்கள் பெயர்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். குரூசி இப்போது பிச்சியா குட்ரியாவ்சேவி, காண்டிடா கிளாப்ரேட்டா இப்போது நகசியோமைசெஸ் கிளாப்ரேட்டஸ். ரிப்போர்ட்டில் பழைய பெயரையும் பக்கத்தில் போடாத லேப், மருத்துவரைத் திணறடிக்கும்.

96 குழிகளில் ஒரு நாள்

இப்போது, பூஞ்சை எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சென்சிடிவிட்டி சோதனை. அடிப்படை முறைக்குப் பெயர் நுண்நீர்த்தல். உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் தட்டில் 8 வரிசை, வரிசைக்கு 12 குழி. ஒரு வரிசைக்கு ஒரு மருந்து. முதல் குழியில் மில்லிக்கு 64 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் என்றால் அடுத்ததில் 32, அதற்கடுத்து 16, 8, 4, 2 என்று பாதிபாதியாகக் குறைந்து பத்தாவது குழியில் 0.12 வரை வரும். பதினோராவது குழியில் மருந்தே இல்லை. பூஞ்சை உண்மையில் வளர்கிறதா என்று பார்க்க. பன்னிரண்டாவதில் பூஞ்சையே இல்லை. ஊடகம் சுத்தமா என்று பார்க்க. அடர்த்தியை அளந்து நீர்த்த ஈஸ்ட் கரைசலை மற்ற எல்லாக் குழிகளிலும் சம அளவு விட்டு, 35 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். கிரிப்டோகாக்கஸ் மெதுவானது, 72 மணி நேரம் கேட்கும்.

மறுநாள் தட்டைத் தூக்கிப் பார்த்தால் மருந்தில்லாத குழி கலங்கியிருக்கும், மருந்து அதிகமுள்ள குழிகள் தெளிந்திருக்கும். வளர்ச்சியைத் தடுத்த மிகக் குறைந்த மருந்தளவுதான் எம்.ஐ.சி. என்ற எண். சொல்வதற்கு எளிது; கண்ணுக்கு முன் அப்படிச் சட்டென்று கோடு விழாது. ஆம்போடெரிசினுக்கு முழுத் தெளிவு வேண்டும். அசோல்கள் பூஞ்சையைக் கொல்வதைவிட வளர்ச்சியை ஒடுக்குவதால், மருந்து எவ்வளவு ஏறினாலும் மெல்லிய கலங்கல் ஒன்று வால்போல நீளும். அதையும் வளர்ச்சி என்று கணக்கிட்டால் நன்றாகக் கேட்கும் பூஞ்சையைக்கூட எதிர்ப்பு உள்ளது என்று எழுதிவிடுவோம். அதனால் மருந்தில்லாத குழியோடு ஒப்பிட்டு, வளர்ச்சி பாதியாகக் குறைந்த இடத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். 48 மணி நேரம் காத்திருந்தால் இந்த வால் இன்னும் தடித்துவிடும். 24 மணி நேரத்திலேயே படிப்பது இதற்காகவும்தான். ஆஸ்பெர்ஜில்லஸை எக்கினோகேண்டினில் சோதிக்கும்போது குழி தெளியவே தெளியாது. அங்கே இழைகள் நீளாமல் குட்டையாகச் சிண்டுசிண்டாகத் திரளத் தொடங்கும் அளவைக் குறிப்பார்கள்.

ஒவ்வொரு தடவையும், எண் ஏற்கெனவே தெரிந்த இரண்டு பூஞ்சைகளையும் கூடவே ஓட்ட வேண்டும். அவற்றின் எண் குறித்த எல்லைக்குள் வராவிட்டால் நோயாளியின் எண்ணையும் நம்பக் கூடாது. சிறிய லேபுகளில் இவ்வளவு கஷ்டம் வேண்டாம் என்று, மருந்து படிப்படியாக ஏற்றிய பட்டையை அகார் மேல் வைத்து வளையம் வெட்டும் இடத்தைப் படிப்பார்கள்; அல்லது தானியங்கிக் கருவியில் போடுவார்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது

ரிப்போர்ட்டில் மிகச் சிறிய எண் உள்ள மருந்தே சிறந்தது என்று நினைப்பது பரவலான பிழை. அல்பிகன்ஸுக்கு ஃப்ளூகோனசோல் 2, வோரிகோனசோல் 1 என்று வந்தால், அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. என்ற தர அமைப்பின் அட்டவணைப்படி முதலாவது கேட்கும், இரண்டாவது கேட்காது. ஒவ்வொரு மருந்துக்கும் ரத்தத்தில் எட்டும் அளவு வேறு, கேட்குமா கேட்காதா என்று பிரிக்கும் எல்லைக்கோடும் வேறு. பூஞ்சை மாறினாலும் கோடு மாறும். ஃப்ளூகோனசோல் 16 என்பது அல்பிகன்ஸில் எதிர்ப்பு. கிளாப்ரேட்டாவில் அதே 16க்கு, அதிக டோஸ் கொடுத்தால் கேட்கலாம் என்று அர்த்தம். ஐரோப்பாவின் யூகாஸ்ட் அமைப்பு தனி முறையும் தனி எல்லைகளும் வைத்திருக்கிறது. ஒன்றின் முறையில் எடுத்த எண்ணை மற்றொன்றின் அட்டவணையில் வைத்துப் படிக்கக் கூடாது. பல இழைப் பூஞ்சைகளுக்கு எல்லைக்கோடே இல்லை. அப்போது லேப் எண்ணை மட்டும் தரும். எஸ் (கேட்கும்), ஆர் (எதிர்ப்பு) என்ற எழுத்துகளைத் தராது. அது குறையல்ல, நேர்மை.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஃப்ளூகோனசோலை நீண்ட நாள் எடுத்தவரிடம் கிளாப்ரேட்டா மருந்தை வெளியே தள்ளும் பம்புகளைப் பெருக்கிக்கொள்ளும். எக்கினோகேண்டினுக்கு எதிர்ப்பு எஃப்.கே.எஸ். மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வரும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸில் நிலைமை விசித்திரம்: பயிர்களுக்குத் தெளிக்கும் அசோல் பூஞ்சைக்கொல்லிகளால் மண்ணிலேயே எதிர்ப்பு உருவாகி, அசோலைத் தொட்டே பார்க்காத நோயாளிக்கும் அந்த வகை தொற்றுகிறது. படர்தாமரையில் 2020இல் தனி இனமாகப் பெயர் பெற்ற டிரைக்கோஃபைட்டான் இன்டோடினே, டெர்பினாஃபின் என்ற படர்தாமரை மருந்துக்கு அடிக்கடி அடங்காமல் போகிறது. காலனியைப் பார்த்து அதை உறவினங்களிலிருந்து பிரிக்க முடியாது, மரபணு வரிசைதான் காட்டும்.

கடைசியாக எஸ் என்ற எழுத்தைப் பற்றி. கேட்கும் என்று வந்த தொற்றுகளில் சுமார் 90 சதவீதம் குணமாகும், கேட்காது என்று வந்தவற்றிலும் சுமார் 60 சதவீதம் குணமாகும் என்று ஒரு தோராயக் கணக்கு இத்துறையில் புழங்குகிறது. மீதியைத் தீர்மானிப்பது நோயாளியின் எதிர்ப்புச் சக்தி, டோஸ், நோய் இருக்கும் இடம். சிறுநீர்த் தொற்றில் வளர்ந்த காண்டிடாவுக்கு எக்கினோகேண்டின் எஸ் என்று இருந்தாலும், அந்த மருந்து சிறுநீரில் போதிய அளவு வந்து சேராது. கண்ணுக்குள்ளும் மூளையிலும் அப்படியே. ரத்தத்தில் காண்டிடா இருந்தால் நரம்பில் செருகிய பெரிய குழாயை முடிந்தவரை எடுத்துவிட்டு, விழித்திரையைப் பரிசோதித்து, ரத்தக் கல்ச்சரை மீண்டும் மீண்டும் எடுப்பார்கள். வேறு உறுப்பில் தங்கவில்லை என்றால், கல்ச்சரில் ஒன்றும் வளராத முதல் நாளிலிருந்து எண்ணி 14 நாள் மருந்து தொடரும்.